கீபோன் தானாக ஒலிக்கிறது, எடுத்தால் யாரும் இல்லை: உதவி தேவை

பிறைத் தங்கை, இரவு 8.12
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகக் கீபோன் (மேசைத் தொலைபேசிகளை ஒரே பெட்டியில் இணைக்கும் அமைப்பு) யாரும் அழைக்காமலே ஒலிக்கிறது. எடுத்துப் பேசினால் எதிர்முனையில் ஆள் இல்லை. விட்டுவிட்டு ஒரு டோன் மட்டும் கேட்கிறது. லைன் பார்க்க வந்தவர் குறை எதுவும் இல்லை என்று சொல்லி 80 ரிங்கிட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டியையே மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. நாளைக் காலை அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

செந்தூல் வயர்மேன், இரவு 8.20
தங்கச்சி, இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. வெளி லைன்கள் எத்தனை, எக்ஸ்டென்ஷன்கள் (பெட்டியோடு இணைந்த உள் தொலைபேசிகள்) எத்தனை, எல்லாத் தொலைபேசிகளும் ஒலிக்கின்றனவா அல்லது ஒன்று மட்டுமா, இது எப்போது தொடங்கியது என்பதையெல்லாம் எழுதுங்கள்.

கிள்ளான் நெட்வொர்க், இரவு 8.31
கேட்கவே வேண்டியதில்லை, இது பேய் அழைப்புதான். இணையத்தில் 5060ஆம் போர்ட் (இணையவழித் தொலைபேசிக்கான இணைப்பு வாசல்) திறந்திருக்கும் தொலைபேசிகளைத் தேடி அலையும் நிரல்கள் இருக்கின்றன. அவை தட்டும்போது தொலைபேசி ஒலிக்கும், எடுத்தால் வெறுமைதான். ரௌட்டரில் அந்தப் போர்ட்டை மூடுங்கள், சரியாகிவிடும்.

ஈப்போ பழையவர், இரவு 8.44
கையேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் உதவி கேட்பவர்களுக்கு இருபது ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறேன். அவர் கீபோன் என்று தெளிவாக எழுதியிருக்கும்போது போர்ட்டை மூடச் சொல்வது, நோய் ஒன்று மருந்து ஒன்று என்பதைப் போன்றது. இது தானியங்கித் திருப்பி அழைப்பு. நீங்கள் அழைத்த எக்ஸ்டென்ஷன் பேச்சில் இருக்கும்போது அதற்குரிய எண்ணை அழுத்தினால் பெட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஓய்ந்ததும் முதலில் உங்கள் தொலைபேசியைத்தான் ஒலிக்கச் செய்யும். நீங்கள் ரிசீவரை எடுத்த பிறகே மறுபக்கம் ஒலிக்கும். இந்த வரிசை தெரியாதவர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

பிறைத் தங்கை, இரவு 9.05
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வெளி லைன் 3, எக்ஸ்டென்ஷன் 16. என் மேசையில் உள்ள 112 மட்டுமே ஒலிக்கிறது. அது திரை இல்லாத சாதாரணத் தொலைபேசி. ஐயா சொன்ன திருப்பி அழைப்பை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கண்ணாடியிழை லைனுக்கு மாறி ஒன்பது மாதம் இருக்கும்.

கிள்ளான் நெட்வொர்க், இரவு 9.11
கண்ணாடியிழை என்று இப்போதுதான் சொல்கிறார். அப்படியானால் மறு அழைப்பு வசதியாகவும் இருக்கலாம். வெளி எண் பிசியாக இருந்தால் பெட்டியே மீண்டும் மீண்டும் டயல் செய்து, கிடைத்ததும் நம்மை அழைக்கும்.

ஈப்போ பழையவர், இரவு 9.19
பெட்டி பிசி டோனைக் காதால் கேட்டு அடையாளம் கண்டால்தான் மறு அழைப்பு நடக்கும். நம் நாட்டு பிசி டோன் 425 ஹெர்ட்ஸ். அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓயும். மோடத்தில் வேறு நாட்டின் டோன் அமைந்திருந்தால் பெட்டிக்கு எதுவும் புரியாது. செம்புக் கம்பி இருந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

கிள்ளான் நெட்வொர்க், இரவு 9.24
மோடத்தில் நாட்டை மலேசியா என்று மாற்றினால் அந்தத் தொல்லை தீர்ந்தது. செம்பை நினைத்து ஏங்கி ஆகப்போவது ஒன்றும் இல்லை, ஐயா.

ஈப்போ பழையவர், இரவு 9.30
ஏங்கவில்லை. மின்சாரம் போனாலும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த மின்னோட்டத்தில் செம்பு லைன் உயிரோடிருந்தது. இன்று மோடம் அணைந்தால் வெளி லைன் மூன்றும் போய்விடும். வணிகம் செய்கிறவருக்கு அது சிறிய விஷயம் அல்ல.

சுங்கை பட்டாணி அக்கா, இரவு 9.41
செம்புப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு நாளைக் காலை பதில் வேண்டும். தங்கச்சி, இரண்டே கேள்விகள். நாளுக்கு எத்தனை முறை ஒலிக்கிறது? எத்தனை மணிக்கு? நிமிடத்தோடு சொல்லுங்கள்.

பிறைத் தங்கை, இரவு 9.48
ஒரே முறைதான் அக்கா, பிற்பகலில். குறித்த நேரம் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதத்திற்கு முன் நான் இந்த மேசைக்கு மாறி வந்தபோது 4.07, இப்போது 4.09. எரிச்சலில் நாட்காட்டியில் குறித்து வைத்ததால் நினைவிருக்கிறது.

சுங்கை பட்டாணி அக்கா, இரவு 10.02
குறித்த நேரம்தான், தங்கச்சி. நீங்கள் பார்ப்பது சுவர்க் கடிகாரம். பெட்டி பார்ப்பது தன்னுடைய கடிகாரம். இரண்டு மாதத்தில் இரண்டு நிமிடம் என்றால் நாளுக்கு 2 விநாடி பின்தங்குகிறது. 4.00க்கு வைத்தது 4.09க்கு ஒலிக்கிறது என்றால், அந்த 9 நிமிடம் பின்தங்க 270 நாள், அதாவது ஒன்பது மாதம் ஆகும். நீங்கள் கண்ணாடியிழைக்கு மாறியதும் அப்போதுதான். எஃப்எஸ்கே என்ற தரவு முறையில் வரும் அழைப்பவர் எண்ணோடு தேதியும் நேரமும் சேர்ந்து வரும். அதை வைத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. டிடிஎம்எஃப் (எண் பொத்தான்களின் ஒலி) முறையில் எண் மட்டுமே வரும். உங்கள் புதிய மோடம் அந்த முறையில் எண்ணை அனுப்புவதால், பெட்டியைத் திருத்த ஆளில்லாமல் போயிருக்கலாம்.

ஒலிப்பது நினைவூட்டும் அழைப்பு என்றே நினைக்கிறேன். ஹோட்டலில் விடியற்காலை எழுப்புகிறார்களே, அதே வசதி கீபோன்களிலும் இருக்கிறது. ஒருமுறை என்றோ தினமும் என்றோ அந்தந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தே வைக்கலாம். எடுத்தால் தனி டோன் ஒன்று கேட்கும், பேச ஆள் இருக்காது. நாளை வரவேற்பு மேசையில் உள்ள திரைத் தொலைபேசியின் அருகே நில்லுங்கள். 112 ஒலிக்கும் நொடியில் திரை 4.00 என்று காட்டினால் ஐயமே இல்லை. உங்களுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் யார்? நீக்கும் எண் பெட்டிக்குப் பெட்டி மாறும். கையேட்டில் ‘நேர நினைவூட்டல்’ என்ற தலைப்பின் கீழ் பாருங்கள், 112இலிருந்தே அழுத்துங்கள். முதலாளியிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

செந்தூல் வயர்மேன், இரவு 10.10
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீக்கிய கையோடு பெட்டியின் கடிகாரத்தையும் சரிசெய்துவிடுங்கள். அலுவலகம் மூடிய பின் அழைப்பவர்களுக்குக் கேட்கும் இரவு வாழ்த்துச் செய்திக்கு மாறும் நேரமும் ஒன்பது நிமிடம் தள்ளித்தான் போய்க்கொண்டிருக்கும்.

பிறைத் தங்கை, மறுநாள் மாலை 5.26
திரையில் 4.00 என்றே இருந்தது. முன்பு இங்கிருந்த அக்கா, மறுநாளுக்கான சரக்குப் பட்டியலைத் துறைமுகத்திற்குச் சொல்ல அந்த நினைவூட்டலை வைத்திருந்தாராம். ஓய்வு பெற்றபோது நீக்க மறந்துவிட்டாராம். நீக்கிவிட்டேன், கடிகாரத்தையும் திருத்திவிட்டேன். பெட்டி வாங்கும் பேச்சு நின்றது. மிக்க நன்றி அக்கா. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.