உவரிக் கடற்கரையில் கூண்டு வண்டியோடு தங்கிய காலம்

கேள்வி (பாளையங்கோட்டை)

உவரி சுயம்புலிங்க சுவாமி எங்கள் குலதெய்வம். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் கூண்டு வண்டி கட்டிப் போய், குடும்பத்தோடு கடற்கரை மணலிலேயே நாட்கணக்கில் தங்கியதாக ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது நாங்கள் காலையில் காரில் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறோம். அந்தத் தங்கல் எப்படி நடந்தது, குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று பெரியவர்கள் எழுதினால், பிள்ளைகளுக்காகக் குறித்து வைத்துக்கொள்வேன்.

பதில் (திசையன்விளை)

சிறு வயதில் நான் அப்படித் தங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்களின் வண்டிகளை அடுத்தடுத்து நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டி, இரண்டு கூண்டுகளுக்கு நடுவே சமுக்காளத்தை இழுத்துக் கட்டினால் பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நிழல் கிடைத்துவிடும். வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பி ஆண்கள் படுத்துக்கொள்வார்கள். விடிவதற்குள் கல் கூட்டிய அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கும். தை மாதமென்றால் அவித்த பனங்கிழங்கும் உண்டு. பிறகு கடலில் குளித்து, ஈரத்துணியோடு ஓலைப்பெட்டியில் கடல் மண்ணைச் சுமந்துவந்து கரையில் குவிப்போம். இந்த நேர்ச்சை இன்றும் நடக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளையும் சுமக்கச் சொல்லுங்கள்.

பதில் (சாத்தான்குளம்)

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணல் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் நிலத்தடியில் கடலை நோக்கி நகர்ந்து, உப்புநீரை விட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன் மேலாகவே நின்று, கரையோரத்தில் ஆழமில்லாமல் கிடைக்கிறது. கடலுக்கு அருகிலேயே திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உவரிக் கரையிலும் இப்படி ஊறும் தண்ணீர் இல்லாவிட்டால், மாடுகளோடு வந்த அத்தனை கூட்டமும் ஒரு நாள்கூடக் கரையில் தங்கியிருக்க முடியாது.

பஸ் வந்ததால் வண்டிப் பயணம் நின்றது என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தோன்றுகிறது. கோயிலுக்கென்று யாரும் மாடு வளர்க்கவில்லை. கமலையில் பூட்டிக் கிணற்று நீர் இறைத்த, உழுத மாடுகளே வண்டியையும் இழுத்தன. பம்புசெட்டும் டிராக்டரும் வந்தபின் மாடுகளை விற்றோம், வண்டியும் தொழுவை விட்டுப் போயிற்று.

பதில் (வள்ளியூர்)

சாத்தான்குளம் அண்ணாச்சி சொல்வது சரி. உவரியிலேயே அந்தோணியார் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் இன்றும் பல நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதைக் காணலாம். ஆகவே தங்கும் வழக்கம் உவரியை விட்டுப் போய்விடவில்லை. உங்கள் ஆச்சி இருந்தால், எந்த ஊர் வழியாகப் போனார்கள், இரவில் எங்கே மாட்டை அவிழ்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்த வழித்தடத்தைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.