போன வருஷத்தோடு ஒப்பிடும்போது பாதி நிரம்பிய (ஒரு வருஷத்துக்கு முழுத் தரவு இல்லாத) அட்டவணை வரிகளை எப்படி விலக்குகிறீர்கள்? (பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருள், எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழி: அனுபவங்கள்)

விற்பனை டேபிளில் கடைசித் தேதி 2025 ஆகஸ்ட் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக நாளுக்குச் சரியாக 1 லட்சம் ரூபாய் என்று இரண்டு வருஷத்துக்கும் நிரப்பிப் பாருங்கள். விற்பனை துளியும் மாறவில்லை, ஆனால் மேட்ரிக்ஸில் (அறிக்கையில் எண்களைக் காட்டும் அட்டவணை) 2025 வரி 37 சதவீதச் சரிவு காட்டும். காரணம் போன வருஷத்தின் அதே காலத்தை எடுத்துத் தரும் சேம்பீரியட்லாஸ்ட்இயர் ஃபங்ஷன். அது விற்பனையைப் பார்ப்பதே இல்லை. ஃபில்டரில் உள்ள தேதிகளை ஒரு வருஷம் பின்னுக்கு நகர்த்துவதோடு அதன் வேலை முடிந்தது. டேட் டேபிளில் (எல்லாத் தேதிகளையும் வரிசையாக வைத்திருக்கும் டேபிள்) 2025 முழுசாக இருப்பதால் 2024-இன் 366 நாளும் வந்துவிடும். இந்தப் பக்கம் இருப்பதோ 229 நாள்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்த வருஷ விற்பனை காலியாக, போன வருஷத் தொகை மட்டும் நிற்கும். பெரும்பாலும் அந்த நான்கு வரிகளை ஐஎஃப் நிபந்தனை போட்டு மறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட் வரியில் 17 நாளுக்கு எதிரே 31 நாள் அப்படியேதான் நிற்கிறது. மொத்த வரியிலும் பிழை போகவில்லை. மறைப்பது வேறு, கணக்கிலிருந்து விலக்குவது வேறு.

*

இதற்கு நன்றாக வேலை செய்வது டேட் டேபிளில் ஒரு கால்குலேட்டட் (சூத்திரத்தால் நிரம்பும்) நெடுவரிசை. தேதி, விற்பனையின் கடைசித் தேதிக்குள் இருந்தால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். 'விற்பனை உள்ள நாள்' என்று பெயர் வையுங்கள். ரிஃப்ரெஷ் (தரவைப் புதிதாக ஏற்றும்) நேரத்திலேயே கணக்காகிவிடுவதால் ஸ்லைசரில் (அறிக்கையில் உள்ள தேர்வுப் பெட்டி) எதைத் தேர்ந்தாலும் இது அசையாது.

ஆனால் ஃபில்டரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கால்குலேட் ஃபங்ஷனுக்குள் (ஃபில்டரை மாற்றிக் கணக்கிடுவது) சேம்பீரியட்லாஸ்ட்இயரையும் இந்த ஃபில்டரையும் அக்கம்பக்கமாக எழுதினால் எந்த மாற்றமும் இருக்காது. 2024-இன் தேதிகள் எல்லாமே ட்ரூ, எனவே ஒன்றும் கழியாது. முதலில் இந்த வருஷத் தேதிகளை வெட்ட வேண்டும், பிறகுதான் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அதற்கு சேம்பீரியட்லாஸ்ட்இயரைக் கால்குலேட்டேபிளுக்குள் (எண்ணுக்குப் பதில் டேபிளைத் தரும் கால்குலேட்) வைத்து, 'விற்பனை உள்ள நாள்' ட்ரூ என்ற நிபந்தனையை அந்தக் கால்குலேட்டேபிளுக்கே கொடுங்கள். அதன் விடையை வெளியில் உள்ள கால்குலேட்டுக்கு ஃபில்டராகக் கொடுங்கள். ஆகஸ்டில் 17-க்கு 17 வந்துவிடும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஐஎஃப் இல்லாமலே காலியாகும்.

சிலர் டேட் டேபிளையே ஆகஸ்ட் 17-ஓடு வெட்டிவிடுகிறார்கள். ஒப்பீடு சரியாக வருவதுபோல் தெரியும். ஆனால் டிசம்பர் வரை உள்ள பட்ஜெட் வரிகளுக்குத் தேதி கிடைக்காமல் எல்லாம் 'காலி' என்ற ஒரே வரியில் போய் விழும். டைம் இன்டெலிஜென்ஸ் ஃபங்ஷன்களுக்கு (சேம்பீரியட்லாஸ்ட்இயர் போலக் காலத்தை ஒப்பிடுபவை) முழு வருஷம் உள்ள டேட் டேபிள் வேண்டும்; அதில் கை வைக்காதீர்கள்.

*

மேலே சொன்ன முறையோடு ஒரு எச்சரிக்கை: அந்தக் கடைசித் தேதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2025-க்குப் பதில் 2052 என்று ஒரே ஒரு பில்லில் தட்டச்சாகியிருந்தால் போதும், நாள் எல்லாம் ட்ரூ ஆகிவிடும். முன்பதிவு ஆர்டர்களும் பட்ஜெட்டும் ஒரே டேபிளில் இருந்தாலும் இதேதான். பில் போட்டு முடிந்த வரிகளை மட்டும் எடுத்து மேக்ஸ் (மிகப் பிந்திய தேதி) கேளுங்கள்.

நெடுவரிசை வேண்டாம், மெஷருக்குள்ளேயே (அறிக்கையைப் பார்க்கும்போது கணக்காகும் சூத்திரம்) மேக்ஸ் எடுக்கிறேன் என்பவர்கள் ஃபில்டர்களை நீக்கும் ரிமூவ்ஃபில்டர்ஸ் போட மறந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் அது கடைசியாக விற்ற தேதியே எல்லையாகும். ஜூன் 3-க்குப் பிறகு விற்காத பொருளுக்கு ஒப்பீடும் ஜூன் 3-ஓடு நின்றுவிடும். அதன் சரிவு கண்ணுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அறிக்கையைத் திறக்கிறார்கள்?

பகல் 11 மணிக்கு ரிஃப்ரெஷ் ஆகும் மாடலில் இன்றைய நாள் அரைநாள்தான். நேற்றோடு வெட்டுங்கள். பவர் பிஐ சர்வீஸில் டுடே ஃபங்ஷன் தருவது யூடிசி (உலகப் பொது நேரம்) தேதி. இந்திய நேரம் அதிகாலை 4 மணிக்கு ரிஃப்ரெஷ் ஓடினால் அங்கே முந்தின நாள் இரவு 10.30. அதிலிருந்து ஒரு நாள் கழித்தால், முழுசாக வந்த நேற்றையும் இழந்துவிடுவோம். யூடிசி நேரத்தைத் தரும் யூடிசிநவ் எடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டிவிட்டுத் தேதியைப் பிரித்தெடுங்கள்.

*

கிளைகள் உள்ள இடத்தில் ஒரே எல்லைத் தேதி போதாது. 12 கிளையில் 11 கிளை நேற்று வரை ஏற்றிவிட்டன, ஒன்று மட்டும் நான்கு நாள் பின்தங்கியிருக்கிறது என்றால், அந்தக் கிளையின் பாதி நிரம்பிய வரி மொத்தத்தையும் இழுக்கும். ஒவ்வொரு கிளையின் கடைசித் தேதியையும் எடுத்து, அவற்றில் சிறியதை எல்லையாக வையுங்கள். மூடிய கிளைகளை முதலில் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் மார்ச்சில் மூடிய கிளை எல்லாவற்றையும் மார்ச்சோடு நிறுத்திவிடும்.

புதுக் கிளை விஷயம் இன்னும் நுட்பம். கிளை அ 100-இலிருந்து 110 லட்சம், கிளை ஆ 80-இலிருந்து 84, கிளை இ புதிது, 60, கிளை ஈ போன வருஷம் 50, இப்போது மூடியாயிற்று. அப்படியே கூட்டினால் 230-க்கு 254, வளர்ச்சி 10.4 சதவீதம். இரண்டு வருஷமும் நடந்த கிளைகளை மட்டும் எடுத்தால் 180-க்கு 194, அதாவது 7.8 சதவீதம். இரண்டையும் காட்டலாம், ஆனால் எது எது என்று பெயர் எழுதிக் காட்டுங்கள்.

வரியில் சரியாக வந்து மொத்தத்தில் தவறினால், ஐஎஃப் நிபந்தனை மொத்த வரிக்குத் தனியாக ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே இரு பக்கமும் காலி இல்லை, எனவே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. வரி வரியாகக் கணக்கிட்டுக் கூட்டும் சம்எக்ஸ் வைத்துக் கிளை வாரியாகவும் மாத வாரியாகவும் நிபந்தனையைச் சோதித்துக் கூட்டுங்கள். மாதம் எதற்கு என்றால், 2024 ஜூனில் திறந்த கிளைக்கு வருஷ அளவில் இரு பக்கமும் எண் இருக்கும், தடையில்லாமல் உள்ளே வந்துவிடும்.

இதையே பொருள் அளவில் செய்யாதீர்கள். திறக்காத கடையின் காலியும் விற்காத சரக்கின் காலியும் ஒன்றல்ல. இரண்டாவது உண்மையான பூஜ்ஜியம். அதை விலக்கினால் வளர்ச்சி பொய்யாக ஏறும். ஆகவே கிளையின் திறந்த தேதி, மூடிய தேதி இரண்டையும் கிளை டேபிளில் வைத்து அதிலிருந்து முடிவெடுங்கள், விற்பனை காலியா என்று பார்த்து அல்ல.

*

எஸ்க்யூஎல்லில் முந்தைய வரியின் மதிப்பை எடுக்கும் லேக் ஃபங்ஷனுக்கு 12 கொடுத்துப் போன வருஷ மாதத்தை எடுப்பவர்களுக்கு: அது எண்ணுவது வரிகளை, மாதங்களை அல்ல. இடையில் ஒரு மாத வரி இல்லையென்றால் 2025 ஜூன், 2024 மே மாதத்தோடு சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் காலண்டர் டேபிளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரியையும் வைத்துச் சேர்ப்பது) செய்து எல்லா மாதத்தையும் நிரப்புங்கள், பிறகு லேக்.

*

எல்லைத் தேதி சரியாக இருந்தும் எண் ஏமாற்றும் இடம் தீபாவளி. 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபர் 22-இல் வெட்டி ஒப்பிட்டால் 2025-இல் பண்டிகை நாள் உள்ளே, 2024-இல் அது வெளியே. ஜவுளிக்கும் இனிப்புக்கும் அந்த மூன்று வாரம் தனிக் கணக்கு. டேட் டேபிளில் 'தீபாவளிக்கு எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மைனஸ் 20-ஐ (பண்டிகைக்கு 20 நாள் முன்) மைனஸ் 20-ஓடு ஒப்பிடுங்கள். வார இறுதி வியாபாரம் கனமாக உள்ள கடைக்கு 364 நாள் பின்னால் போனால் கிழமை பொருந்தும்: 2024 ஆகஸ்டில் ஞாயிறு நான்கு, 2025 ஆகஸ்டில் ஐந்து.