கிளிக்கும் ஒரு வேலை வேண்டும்: விளையாடும் இடம், வீட்டுச் சாப்பாடு, எங்கள் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டு மஞ்சு ஒரு சன் கான்யூர், தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மஞ்சள் கிளி. வேறொரு வீட்டில் வளர்ந்தவள். அந்தக் குடும்பம் வெளிநாடு கிளம்பியபோது எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வந்தபோது நெஞ்சிலும் தொடையிலும் இறகே இல்லை, வெறும் தோல்தான். எல்லாம் அவளே பிடுங்கிப் போட்டது. கூண்டு நல்ல பெரிய கூண்டு. உள்ளே வழவழப்பாக ஒரே தடிமனில் இரண்டு மரக்குச்சிகள், கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. வேறு ஒன்றும் கிடையாது.

முதலில் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கிளி இறகு பிடுங்கினால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒட்டுண்ணி, தோல் நோய், கல்லீரல் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து அவர் சொன்னது: "உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. இதுக்குச் செய்யறதுக்கு வேலை இல்லை."

யோசித்தால் சரிதான். காட்டில் இருக்கும் கிளி விடிந்ததிலிருந்து இரை தேடிப் பறக்கிறது, காயை உரிக்கிறது, கொட்டையை உடைக்கிறது. பகலில் பல மணி நேரம் அதிலேயே போய்விடும். கிண்ணத்தில் கொட்டி வைத்தால் அந்த வேலை கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மிச்ச நேரம் அந்த அலகு என்ன செய்யும்? டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. தேடி எடுக்கும்படி உணவும், ஏறவும் கடிக்கவும் விதவிதமான பொருள்களும் கொடுத்த கிளிகளுக்கு இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் இருந்தவை பிடுங்க ஆரம்பித்தன. பிறகு அவற்றுக்கும் அதே வசதி செய்து கொடுத்ததும் தேறின. கடையில் விற்கும் இறகு ஸ்பிரேக்களை நம்புவதைவிட இதை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

பால்கனியில் கிரில்லுக்கு உள்பக்கமாக எவர்சில்வர் வலை அடித்தோம். ஜி.ஐ. வலை மலிவு, ஆனால் அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி கொறித்துக் கொறித்து அது வயிற்றுக்குள் போனால் விஷம். உள்ளே பட்டையோடு கொய்யாக் கிளைகளைக் கட்டினோம், ஒன்று விரல் தடிமன், ஒன்று மணிக்கட்டுத் தடிமன். ஒரே தடிமனில் எப்போதும் உட்கார்ந்தால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கிளை வெட்டும்போது மரம் எது என்று தெரிந்து வெட்டுங்கள். அரளி பக்கமே போகாதீர்கள். மருந்து அடித்த மரமும் வேண்டாம்.

புது சாமானைப் பார்த்தால் கிளி பயப்படும். தென்னை நார்க் கயிற்றில் கொட்டாங்குச்சி கோத்து ஓர் ஊஞ்சல் செய்தோம். அதைப் பார்த்ததும் மஞ்சு வலையின் மூலைக்கே போய்விட்டாள். உடனே எடுத்து ஹாலில், அவள் கண்ணில் படுகிற தூரத்தில் மாட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினோம். என் மகள் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து அதை ஆட்டி விளையாடுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மஞ்சுவே இறங்கி வந்து கொட்டாங்குச்சியை அலகால் தட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது மக்காச்சோளத் தோல் பொட்டலம். தோலுக்குள் நாலு கொண்டைக்கடலை, ஒரு துண்டு கோவைப்பழம் வைத்து மடித்து நாராலேயே கட்டிவிடுவேன். இடது காலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். முதலில் முடிச்சை நாக்கால் தொட்டுப் பார்ப்பாள், பிறகு தோலை மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாகக் கிழிப்பாள். கடலை கண்ணில் பட்ட பிறகும் உடனே தின்னமாட்டாள், கிழித்து முடித்துவிட்டுத்தான் தின்பாள். பக்கத்துக் கிண்ணத்தில் அதே கடலை கிடந்தாலும் பொட்டலம்தான் வேண்டும்.

சாப்பாட்டுக்கென்று தனிச் சமையல் எதுவும் இல்லை. காலையில் பொரியலுக்கு நறுக்கும்போதே ஒரு பிடி எடுத்து வைத்துவிடுவேன். கேரட், பரங்கிக்காய், பீன்ஸ், முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் சேர்வதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சூரியகாந்தி விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், கல்லீரலில் கொழுப்பு சேரும். கேரட்டும் கீரையும் அதற்காகத்தான். பச்சை மிளகாயை விதையோடு மென்று தின்பாள், வீட்டுக்கு வருகிறவர்கள் பதறுவார்கள். நம் நாக்கில் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கும் உண்டு, ஆனால் அவற்றிடம் அது மிளகாய்க்கு மசிவதில்லை, அதனால் அவற்றுக்கு உறைக்காது.

வெண்ணெய்ப்பழம் (பட்டர் ஃப்ரூட் என்று விற்பது), சாக்லேட், காபி, டீ, வெங்காயம் கூடவே கூடாது. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள்.

இப்போது நெஞ்சில் இறகு மூடிவிட்டது. தொடையில் ஓரிடத்தில் மட்டும் முளைக்கவில்லை. வேர் கெட்டுப்போயிருந்தால் இனி வராது என்கிறார் மருத்துவர்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, பொட்டலம் கட்டும் விஷயத்தை எங்கள் வீட்டிலும் செய்து பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது காக்கடீல் என்னும் கொண்டை வைத்த சின்னக் கிளி ஜோடி. அவற்றின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அங்கே பெரும்பாலும் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்னும் பறவை. அதனால் தொங்கவிடும் சாமானைவிட, தரையில் வைத்த பழைய சுளகுதான் இவற்றுக்குப் பிடித்திருக்கிறது. அதில் காய்ந்த கொய்யா இலை, பனை ஓலைத் துணுக்கு எல்லாம் பரப்பி, நடுவில் தினையும் சாமையும் தூவிவிடுவேன். இரண்டும் சுளகுக்குள் நடந்து, இலையைப் புரட்டிப் புரட்டி ஒரு முற்பகலே போய்விடும். முழுத் தினைக்கதிர் கிடைத்தால் வாங்கிக் காயவைத்துக்கொள்வேன். பறவைக் கடையில் பாக்கெட்டில் போட்டு விற்பதும் இதே தினைக்கதிர்தான். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் கட்டிக் கிளி ஓட்டினார்கள் என்றால், கிளிக்குத் தினை மேல் இருக்கும் ஆசை எவ்வளவு பழையது பாருங்கள்.

எங்கள் ஊரில் ஓலை முடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாயம் போடாத ஓலைக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்தால் ஒரே நாளில் நார் நாராக்கிவிடும். பிய்த்துப் போடுவதற்காகவே வாங்குவது, வருத்தப்பட ஒன்றுமில்லை. சாயம் போட்டது மட்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், கம்பியில் சொருகி வையுங்கள்.

பறவையைக் கூண்டுக்கு வெளியே விடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரிய ஆபத்து சீலிங் ஃபேன். பறவை வெளியே இருக்கும்வரை எங்கள் வீட்டில் ஃபேன் சுவிட்ச் மேல் செலோடேப் ஒட்டியிருக்கும், விருந்தாளி வந்தாலும் கை போகாது. அப்புறம் நான்-ஸ்டிக் தவா. அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை பறவையை நிமிஷங்களில் கொன்றுவிடும், அடுத்த அறையில் இருந்தாலும். நாங்கள் இரும்புத் தோசைக்கல்லுக்கே மாறிவிட்டோம்.

தீபாவளி வருகிறது. காக்கடீல்கள் இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் கூண்டுக்குள் முட்டி மோதி ரத்தம் வர அடிபட்டுக்கொள்ளும். உள் அறையில், ஜன்னலை அடைத்து, ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிடுங்கள். வெளிச்சம் இருந்தால் கம்பை மறுபடி கண்டுபிடித்து உட்கார்ந்துவிடும்.

மதுரையிலிருந்து:

அக்கா, அண்ணா, இரண்டு பேருடையதையும் படித்தேன். பச்சைக்கிளி வளர்க்கலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். வளர்க்கக் கூடாது. நம் நாட்டுக் கிளிகளுக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எங்கள் தெருவில் தென்னை சாய்ந்தபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று கிடைத்தது. அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, வனத்துறைக்குப் போன் செய்து கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் அழுதார்கள்தான்.

பச்சைக்கிளியைப் பார்க்கக் கூண்டு எதற்கு? சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் 2004 சுனாமிக்குப் பிறகு மாடியில் பலகை போட்டு அரிசி வைக்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தன. ஒரு சாயங்காலம் தெருவிலிருந்து பார்த்தேன். மின்கம்பி முழுக்கப் பச்சை, பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசை. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

அண்ணா, ஒரு சந்தேகம். என் தங்கை வீட்டுக் காக்கடீல் விதையைத் தவிர எதையும் தொடுவதில்லை. ஒரு நாள் பட்டினி போட்டால் காய் தின்னும் என்று யாரோ சொன்னார்களாம். சரியா?

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, பட்டினி போடவே வேண்டாம் என்று உடனே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அந்த அளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது. விதை வழக்கம்போல இருக்கட்டும். காலையில் நல்ல பசி நேரத்தில் நறுக்கிய காயை முதலில் வைத்து, அதன் மேலேயே கொஞ்சம் தினை தூவச் சொல்லுங்கள். தினையைப் பொறுக்கும்போது அலகில் காய் ஒட்டும், ருசி பழகும். தங்கை அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு கேரட்டைக் கடித்துக் காட்டினால் இன்னும் நல்லது, கூட்டத்தில் மற்றவர் தின்பதைப் பார்த்துத்தான் அவை கற்றுக்கொள்ளும். வெயில் காலத்தில் நறுக்கிய காயும் முளைப்பயறும் சீக்கிரம் கெட்டுவிடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது.

மாற்றும் நாள்களில் தினமும் காலையில் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதி வைக்கட்டும். காக்கடீல் பொதுவாக நூறு கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும், பத்து கிராம் குறைந்தாலே அதற்கு அது பெரிய இழப்பு. அப்படி இறங்கினால் காயை விட்டுவிட்டு விதையையே தாராளமாகக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சில பறவைகளுக்கு இது மாதக்கணக்கில் ஆகும்.