புகை டிரம்முக்குக் கொட்டகை போட்ட கதைகள்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து:

எங்களுக்கு மாந்தோப்பு. காய் இறக்கி முடித்துக் கவாத்து பண்ணும்போது வெட்டிப் போடும் கிளையே வருஷம் முழுக்க அடுப்புக்கு மிஞ்சும். கோழி, மீனைப் புகையில் வேகவைக்க நான் செய்த டிரம்மும் உள்ளூர்ச் சரக்குதான். மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் புழங்கும் 200 லிட்டர் இரும்பு டிரம். கூழைப் பைக்குள் அடைத்துத்தான் டிரம்மில் இறக்குவார்கள் என்பதால் உள்ளே கெமிக்கல் வாடை கிடையாது. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க விறகு போட்டு எரித்து, பெயிண்ட் மொத்தத்தையும் உரித்தேன். அடியில் கரிக்கூடை, மேலே கம்பி வலை, மூடியில் ஒரு புகைக்குழாய். ஸ்மோக்கர் தயார். என்னை மூன்று வருஷம் அலையவிட்டது டிரம் இல்லை, அதற்கு மேல் போட்ட கூரை.

முதல் வருஷம் கூரையே இல்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே நாலு கோழி. சூடு காட்டும் முள் 110 டிகிரியில் அசையாமல் நின்றது. மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மூன்றரைக்குத் தோப்பில் காய் உதிரும் சத்தம். நாலு மணிக்கு முள் 70-க்கு இறங்கிவிட்டது. வெறும் தகரத்தின் மேல் மழை விழுந்தால் உள்ளே எவ்வளவு கரி போட்டாலும் சூடு நிற்காது. போதாததற்குப் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, கரியும் சாம்பலும் களியாகிவிட்டது. அம்மா பேசாமல் வந்து கோழியை எடுத்துப் போய்க் குழம்பு வைத்துவிட்டார்கள். புகை வாசத்தோடு அந்தக் குழம்பு அருமையாக இருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்து நீலத் தார்ப்பாய். நாலு மூங்கில் நட்டு இழுத்துக் கட்டினேன். முதல் வாரமே பொறி பறந்து சல்லடை ஆனது. மிச்சத்தை ஆடிக் காற்று கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் போட்டது.

சரி, ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தகரச் சார்ப்பு இறக்கினேன். மூன்று பக்கமும் அடைப்பு. ஒரு சொட்டு மழை உள்ளே வரவில்லை. அதைக் காட்டி இரண்டு நாள் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தம்பி உள்ளே உட்கார்ந்து கரி பார்த்துக்கொண்டிருந்தவன், தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான். கண் எரிச்சல் புகையால் என்று தெரியும். தலைச்சுற்றல் கார்பன் மோனாக்சைடு வேலை. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கரி கனன்றுகொண்டே இருக்கும் இடத்தை மூன்று பக்கம் அடைத்தால் அது போக வழி எது?

இன்னொன்றும் நடந்தது. மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்குப் பற்றவைத்தேன். வெளியே பனி, தகரம் சில்லென்று இருக்கிறது. கீழேயிருந்து ஏறிய புகையும் ஆவியும் அதில் பட்டு வியர்த்து, தார் மாதிரிக் கறுப்புச் சொட்டாக டிரம் மூடியில் விழுந்தது. மீனைத் திருப்பிப் போட மூடியைத் திறந்த நேரம் பார்த்து மீன் மேலும் விழுந்தது. ஒரு சொட்டு போதும், வேப்பங்காயைக் கடித்த மாதிரி. மழைக்கு மறைக்கப் போய்க் கூரையே மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது.

வழி சொன்னது கடத்தூரில் இருக்கும் மாமா. வெல்லச் சந்தைக்குப் பேர் போன ஊர். வந்து பார்த்தவர், “ஏம்ப்பா மாப்ளே, கரும்புப்பால் காய்ச்சற கொட்டாயை நீ பாத்ததே இல்லியா?” என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் திறப்பு, கூரை நல்ல உயரம், உச்சியில் மட்டும் இடைவெளி விட்டு மேலே தனியாக ஒரு குட்டிக் கூரை. அத்தனை பெரிய கொப்பரை கொதிக்கிறது, ஆவி எல்லாம் உச்சி வழியாகப் போய்விடுகிறது. அதைத்தான் சின்னதாக்கினேன்.

பத்தடிக்கு எட்டடி. வேலிக்கு நடும் கல்தூண் நாலு, இரண்டடி ஆழம் புதைத்தது. மேலே ஸ்கொயர் பைப் சட்டம், இரண்டு பக்கமும் வாட்டம் விட்டுத் தகர ஷீட். இறவானம் ஏழடி, உச்சி பத்தடி. உச்சியில் ஒரு அடி அகலத்துக்குத் திறப்பு. அதற்கு ஒரு முழம் மேலே தொப்பி மாதிரி இன்னொரு ஷீட், திறப்பைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டாவிட்டால் சாரல் நேராக உள்ளே விழும். ஸ்க்ரூவை ஷீட்டின் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் பள்ளத்தில் அடித்துவிட்டு, ரப்பர் வாஷர் இருக்கிறதே என்றார். வாஷர் வெயிலில் வெடிக்க ஒரு கோடை போதும்.

மேற்கே மட்டும் நாலடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர், ஆடிக் காற்றுக்காக. மேலே திறப்புதான். வடகிழக்கே கம்பியில் சுருட்டும் தார்ப்பாய், ஐப்பசி மழைக்கு மட்டும் இறக்குவேன். தரை சுற்றுமண்ணை விட அரை அடி உயரம், வெளிப்பக்கம் லேசான வாட்டம். டிரம் செங்கல் மேல் நிற்கிறது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி.

பர்கூரிலிருந்து:

அண்ணா, டிரம்மைச் செங்கல் மேல் வைத்தீர்களே, அது தெரிந்து செய்ததா, தானாக அமைந்ததா? நான் கிரானைட் கம்பெனியில் வேலை. அறுத்த கல்பலகை சும்மா கிடக்கிறதே என்று நாலடிக் கல்லைத் தரையில் போட்டு, அதன் மேலேயே கரியைக் கொட்டி வலை வைத்தேன். அரை மணி நேரத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கை அகலச் சில்லு பறந்து என் லுங்கியில் ஓட்டை. எங்கள் தாத்தா சிரித்தார். அந்தக் காலத்தில் பாறையில் தகடு பெயர்க்க மேலே விறகு அடுக்கி நெருப்புத்தான் வைப்பார்களாம். கல் உடைக்கிற வம்சத்தில் பிறந்து எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். கால் நட, சுற்றிலும் பாவ, கல்லுக்கு மிஞ்சி எதுவும் இல்லை. நெருப்பு நேராகப் படும் இடத்தில் மட்டும் செங்கல்.

பென்னாகரத்திலிருந்து:

கூரைக்குச் சிமெண்ட் ஷீட் போடலாம், தகரம் மாதிரி வியர்க்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நானும் கேட்டவன்தான். பழைய மாட்டுக்கொட்டாய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆறு இருந்தது. ஒகேனக்கல்லில் மீன் பொரித்துக் கொடுக்கும் கடைகளில் பார்த்துப் பழகிய ஆள் நான், விறகு அடுப்பு என்றால் சுடர் பெரிதாக வேண்டும் எனக்கு. ஒரு நாள் கட்லா மீனின் கொழுப்பு கரியில் சொட்டி ஆளுயரத்துக்குப் பற்றிக்கொண்டது. சூடேறிய ஷீட் படார் படார் என்று வெடித்துத் துண்டு துண்டாக விழுந்தது. அந்த நேரம் நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன், தப்பித்தேன். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று பிறகுதான் மருமகன் சொன்னார். துண்டுகளை நனைத்துத்தான் அள்ளினோம். மீனையும் சேர்த்துத் தூக்கிப் போட்டோம், மனசு கேட்கவே இல்லை.

அஞ்செட்டி பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரில் மழையோடு இன்னொரு விருந்தாளியையும் யோசித்துத்தான் கட்ட வேண்டும். கேழ்வரகு அறுப்பு சமயம் யானை இறங்கும். போன கார்த்திகையில் உப்புக்கண்டம் போட்டுப் புகை காட்டிவிட்டு, மிச்ச உப்பு மூட்டையைக் கொட்டாயிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் மேற்குப் பக்கத் தூண் சாய்ந்து, ஷீட் இரண்டு மடங்கியிருந்தது. உப்பு மூட்டை முப்பதடி தள்ளி, துடைத்து வைத்த மாதிரி காலி. டிரம்மைத் தொடவே இல்லை! கறி அதற்கு எதற்கு? அன்றிலிருந்து கல் உப்பு வீட்டுக்குள். கொட்டாயில் கேழ்வரகு வைக்கோலும் அடுக்குவதில்லை, அது தீப்பிடிக்கும் என்பதற்காகவும்தான்.

பாலக்கோட்டிலிருந்து:

சின்ன விஷயம். பத்து நாள் பற்றவைக்காமல் விட்டால் புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். எனக்கு அப்படி அடைத்துக்கொண்டு புகை முழுக்கக் கீழ்த் துளை வழியாகத் திரும்பி வந்தது. இப்போது பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைக்கிறேன், மழையும் இறங்காது. எடுக்க மறந்து பற்றவைக்காமல் இருந்தால் சரி, இரண்டு தடவை மறந்திருக்கிறேன். அப்புறம், பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் மல்பெரிக் குச்சியைக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள். மாங்கட்டையை விட மென்மையான புகை, கோழிக்கு அதுதான் பொருத்தம்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து:

பர்கூர் தம்பி, உண்மையைச் சொல்கிறேன், செங்கல் மீந்திருந்தது, வைத்தேன். பெரிய அறிவெல்லாம் இல்லை. டப்பா யோசனையை இன்றே செய்துவிட்டேன். மறக்காமல் இருக்க, டப்பாவையும் தீப்பெட்டியையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பிடித்ததே, அப்போது ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தேன். முள் 105-க்குக் கீழே போகவில்லை. உச்சித் திறப்பு வழியாகப் புகை மழைக்குள் போவதைத் தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலை சுற்றவில்லை என்று அவனே இரண்டு தடவை சொன்னான். அம்மா மட்டும், குழம்பு வைக்க ஒரு கோழியைப் பாதியில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.