லெக்கனிமாப் மருந்து பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியம்மாவுக்கு அல்சைமர் ஆரம்ப நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். காலை மாத்திரை போட்டாச்சா என்று அவரே கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கேட்கிறார். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார், சீட்டாட்டத்தில் இன்னும் என்னைத் தோற்கடிக்கிறார்.

மருத்துவர் லெக்கனிமாப் பற்றிச் சொன்னார். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் மருந்து. அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்றது. 18 மாத ஆய்வில் நோய் மோசமாகும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், நினைவையும் அன்றாட வேலைகளையும் மதிப்பிடும் 18 புள்ளி அளவுகோலில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் இடையே வித்தியாசம் 0.45 மட்டும்தான். இது வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியுமா? எனக்கு இதுதான் பெரிய சந்தேகம்.

அப்புறம் பக்கவிளைவு. மருந்து எடுத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்திருக்கிறது, பெரும்பாலும் அறிகுறி இல்லாமல். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகமாம். அந்த மரபணுப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிட்டீர்களா? பெரியம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், மூளையில் ரத்தக் கசிவு வருமோ என்று அதுவும் கவலை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, இடையிடையே எம்ஆர்ஐ. வயதானவரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள்? அல்சைமரைக் கண்டறிய உதவும் பி-டௌ217 ரத்தப் பரிசோதனை செய்தவர்கள், அதன் பிறகும் மூளையில் அமிலாய்டு இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனை மருத்துவர்கள் கேட்டார்களா என்றும் சொல்லுங்கள். நரம்பியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் அந்த 0.45ஐ மட்டுமாவது விளக்குங்கள். மூலிகை, யோகா ஆலோசனைகள் இப்போதைக்கு வேண்டாம், ப்ளீஸ்.