இரண்டாம் பாகம் எங்கே கோட்டைவிட்டது: கெர்பல், ஸ்கைலைன்ஸ், பேடே

கம்ப்யூட்டர் கேம் விமர்சனத்தில் "இரண்டாம் பாகம் சொதப்பிருச்சு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் உபயோகம் இல்லை. எந்த இடத்தில் சொதப்பியது, ஏன், வாங்கி வைத்திருப்பவர் எப்படிச் சமாளிக்கலாம், அதை எழுதுங்கள்.

ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஏவுகிற கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம் 2-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் அறிவித்தபோது அடுத்த வருடமே வரும் என்றார்கள். நடுவில் தயாரிப்பு ஸ்டூடியோவே மாறி, 2023 பிப்ரவரி 24 அன்று 49.99 டாலருக்கு எர்லி ஆக்சஸாக, அதாவது வேலை முடியும் முன்பே விற்கிற பதிப்பாக, வந்தது. காலனி, வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், மல்டிபிளேயர் எல்லாம் "வரப்போகிறது" பட்டியலில் இருந்தன. வந்த அன்றோ, வளிமண்டலத்துக்குள் திரும்பி இறங்கும்போது சூடுகூட இல்லை. வெப்பக் கவசமே மாட்டாத கேப்சூல் பத்திரமாகத் தரை இறங்கியது. முதல் பாகத்தில் ஒவ்வொரு பயணத்தின் கடைசிக் கண்டமும் அந்தச் சூடுதான். அதை எடுத்துவிட்டால் திரும்பி வருவதில் என்ன இருக்கிறது?

* * *

தள்ளாடுகிற ராக்கெட்டைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்லியாக வேண்டும். இந்த கேமில் ராக்கெட் ஒரே உடம்பு அல்ல. டேங்க், அடுக்குகளைப் பிரித்துவிடுகிற டீகப்ளர், எஞ்சின் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள். ஒன்றை இன்னொன்றோடு பிடித்திருப்பது ஸ்பிரிங் மாதிரியான மூட்டு. கனமான இரண்டு டேங்குக்கு நடுவே லேசான டீகப்ளர் ஒன்று வந்தால் பிசிக்ஸ் கணக்கு அங்கேதான் திணறும், மூட்டு தொய்யும். மேல் முனை இடதுபக்கம் சாயும். ராக்கெட்டைத் தானாக நேர்ப்படுத்தும் எஸ்ஏஎஸ் அதைத் திருத்த எஞ்சின் வாயைத் திருப்பும். அந்த உந்துதல் மேலே போய்ச் சேர்வதற்குள் முனை வலதுபக்கம் வந்திருக்கும். நாலைந்து முறை இப்படி ஆனதும் தூண்டில் கழி மாதிரி வளைந்து நடுவில் ஒடியும்.

முதல் பாகத்துக்கும் இதே நோய் உண்டு. 2016-இல் வந்த 1.2 பதிப்பில் பாகங்களைத் தானாக இறுக்கிக் கட்டும் ஆட்டோஸ்ட்ரட் என்ற மருந்தும் வந்தது. கைவசம் இருந்த அந்த மருந்தைக் கொடுக்காமல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டதுதான் மனசு ஆறாத விஷயம். 2023 டிசம்பரில் ஃபார் சயின்ஸ் அப்டேட் வந்த பிறகு ராக்கெட்டின் தள்ளாட்டம் பெருமளவு அடங்கியது. இறங்கும்போது சுடும் சூடும் அதோடுதான் வந்தது.

இன்னும் ஆடினால்: சின்ன டேங்க் நாலை அடுக்காமல் அதே கொள்ளளவுக்கு ஒரே பெரிய டேங்க் போடுங்கள், மூட்டின் எண்ணிக்கை குறையும். பக்கவாட்டு பூஸ்டர் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஸ்ட்ரட் (தாங்கு கம்பி), கீழே ஒரு ஸ்ட்ரட். கீழ் எஞ்சினின் ஜிம்பல் அளவை, அதாவது அதன் வாய் திரும்பும் அளவை, குறையுங்கள். எஸ்ஏஎஸ் அளவுக்கு மீறித் திருத்துவது அதனால் பாதி நிற்கும். ஏறும்போது திடீரென்று சாய்க்காதீர்கள். நொடிக்கு 100 மீட்டர் வேகம் வரை நேராகப் போய், 5 டிகிரி சாய்த்து, பிறகு போகும் திசையைக் காட்டும் ப்ரோகிரேட் குறியைப் பின்தொடர விட்டால் போதும்.

* * *

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியான புதிதில் எஞ்சினை அணைத்த பிறகும் சுற்றுப்பாதை தானாக நகர்ந்துகொண்டே இருந்தது. நேரத்தை வேகமாக ஓட்டும் டைம் வார்ப் போட்டால் நிற்கும், ஏனென்றால் அப்போது பிசிக்ஸ் ஓடாது, பாதை வெறும் கணக்காகிவிடும். விண்வெளி கேமில் சுற்றுப்பாதை நகர்வது என்பது செஸ்ஸில் காய் தானாக நகர்கிற மாதிரி. எதை மன்னித்தாலும் அதை மன்னிக்க முடியாது.

கேம் மெதுவாக ஓடியதற்கும் காரணம் உண்டு. கேமராவைத் தரைப்பக்கம் திருப்பினால் ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழும், வானத்துப் பக்கம் திருப்பினால் ஏறும். கிரகத்தின் நிலப்பரப்பை வரைகிற முறையை முதல் பாகத்திலிருந்தே கொண்டுவந்து, அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கியிருந்தார்கள். அதனால்தான் வெளியீட்டு நேரத்தில் குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டு என்று போட்டார்கள்.

2024-இல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. இனி இதை வாங்க நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், முதல் பாகத்தை எடுங்கள். 1.12.5 பதிப்பை நிறுவி, கேம் ஃபோல்டரை, கேம் விற்கும் தளமான ஸ்டீமின் ஃபோல்டருக்கு வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். மோட் (ரசிகர்கள் செய்கிற கூடுதல் இணைப்பு) எல்லாம் அந்த நகலில்தான் போட வேண்டும். சிகேஏஎன் என்ற மோட் நிர்வாகியைத் திறந்து, பொருந்தும் பதிப்புகள் பட்டியலில் 1.8 முதல் 1.12 வரை டிக் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் நல்ல மோட் பலவும் கண்ணுக்கே தெரியாது. நிலப்பரப்புக்கு பாரலாக்ஸ், வளிமண்டல ஒளிக்கு ஸ்காட்டரர், நட்சத்திரப் பயண எஞ்சினுக்கு ஃபார் ஃபியூச்சர் டெக்னாலஜிஸ், வேறு கிரகத்திலேயே ராக்கெட் கட்ட எக்ஸ்ட்ராபிளானட்டரி லாஞ்ச்பேட்ஸ். 16 ஜிபி ராம் இருந்தால் நல்லது. இரண்டாம் பாகம் வாக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு இங்கே ஏற்கெனவே ஓடுகிறது.

* * *

அடுத்தது நகரம் கட்டும் கேம்: சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2, வெளியானது 2023 அக்டோபர் 24. முதல் பாகத்தில் வரைபடத்தின் 25 நிலச் சதுரத்தில் 9 மட்டும் வாங்கலாம், மீதிக்கு மோட் தேவை. இதில் 441 சதுரம். எண்ணிக்கையைப் பார்த்து வாய்பிளந்தவர்களுக்கு, நகரம் கொஞ்சம் வளர்ந்ததுமே திரை திக்க ஆரம்பித்தது.

ஏன் என்றால், தூரத்தில் இருக்கும் பொருளுக்கு எளிய மாடலை மாற்றி வைப்பது எந்த கேமிலும் அடிப்படை. இதில் பல பொருளுக்கு அந்த எளிய மாடலே செய்யப்படவில்லை. நகரத்துக்கு மேலே உயரத்தில் கேமராவை நிறுத்துகிறீர்கள். நடைபாதையில் போகிற மனிதர் ஒரு புள்ளி அளவுகூட இல்லை. ஆனால் கிராபிக்ஸ் கார்டு அவருடைய முழுத் தலையையும், மூடிய வாய்க்குள் இருக்கும் பல்வரிசை உட்பட, வரைந்துகொண்டிருந்தது. ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் வாய்.

திக்கினால் முதலில் டெப்த் ஆஃப் ஃபீல்ட், வால்யூமெட்ரிக்ஸ், குளோபல் இல்லுமினேஷன், மோஷன் பிளர் நாலையும் அணையுங்கள். லெவல் ஆஃப் டீடெய்ல் ஒரு படி இறக்குங்கள். 4கே திரை என்றால் 1080-க்கு மாற்றிப் பாருங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் குறை கார்டில் இல்லை, பிராசசரில். இன்னொரு வித்தியாசமும் தெரிந்திருக்க வேண்டும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் மூன்றாம் வேகத்தில் வைத்தும் கடிகாரம் ஆமையாக நகரும். அது சிமுலேஷன் மூச்சுவாங்குவது. மக்கள்தொகை ஏற ஏற வரும், கிராபிக்ஸ் செட்டிங்கில் எதைத் தொட்டாலும் தீராது. வேகமான பிராசசர் ஒன்றுதான் வழி.

* * *

ஸ்கைலைன்ஸ் 2-இல் பல்லைவிடப் பெரிய ஓட்டை பொருளாதாரம்தான். அரசு மானியம் என்று ஒரு வரி வரவுசெலவில் தானாக வந்து விழும். தப்புத் தப்பாகக் கட்டினாலும் நகரம் திவாலாகாது. திவாலாக முடியாத இடத்தில் வரியை யோசித்துப் போட என்ன அவசியம்? 2024 ஜூனில் வந்த எகானமி 2.0 அந்த மானியத்தை நீக்கி, பக்கத்து ஊரிலிருந்து சேவை வாங்கினால் கட்டணம் வைத்தது. பழைய சேவ் ஃபைலைத் திறப்பவர்கள் கேமை பாஸ் செய்து நிறுத்திவிட்டு முதலில் வரவுசெலவுப் பக்கத்தைப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் பள்ளி, தேவைக்கு மேல் இருக்கும் மின்நிலையம், இவற்றின் பராமரிப்புதான் கஜானாவைத் தின்னும். அவற்றை மூடிய பிறகே வரியில் கை வையுங்கள். முதலிலேயே வரியை ஏற்றினால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், பள்ளமும் பெரிதாகும்.

2024 மார்ச்சில் விற்ற பீச் ப்ராப்பர்ட்டீஸ் என்ற கூடுதல் பொதியை ஏப்ரலிலேயே இலவசமாக்கிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவந்தது. நகரம் கட்டும் கேமில் சைக்கிள் வர 2025 நவம்பர் ஆனது. 2026 தொடக்கத்திலிருந்து இந்த கேம், அதை உருவாக்கிய கலோசல் ஆர்டர் கையை விட்டு ஐஸ்ஃப்ளேக் என்ற ஸ்டூடியோவிடம் போயிருக்கிறது. அடித்தளக் கணக்கு இப்போது முன்பைவிட எவ்வளவோ மேல் என்பதால், இதைக் கைவிட்ட கேம் என்று ஒதுக்கவும் கூடாது.

* * *

கடைசியாகக் கொள்ளையடிக்கும் கேம்: பேடே 3, வெளியானது 2023 செப்டம்பர் 21. தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று வைத்தார்கள். முதல் சில நாள் சர்வரே படுத்துவிட்டது. கொள்ளையை முடித்தால் அனுபவப் புள்ளி இல்லை, சேலஞ்ச் முடித்தால்தான் உண்டு. இதனால் நன்றாக ஆடியவர் வெறுங்கையோடு திரும்ப, துப்பாக்கி வாரியாகச் சுட்ட எண்ணிக்கையை நிரப்பியவர் லெவல் ஏறினார். இணையம் இல்லாமல் ஆடும் வசதி 2024 ஜூனில் சோதனைப் பதிப்பாக வந்தது.

* * *

வாங்குகிறவர்களுக்கு. ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். டவுன்லோட் நேரம் இதில் சேராது. கேமைத் திறந்து மெனுவில் சும்மா விட்டிருந்தாலும் அது சேரும். அதனால் அந்த 2 மணி நேரத்தை டுடோரியலில் கரைக்காதீர்கள். நகர கேம் என்றால் எல்லாம் திறந்த நிலை, அளவற்ற பணம் இரண்டையும் தேர்ந்தெடுத்து, அடர்ந்த குடியிருப்பை நாலு பக்கமும் இறக்கி, மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ராக்கெட் கேம் என்றால் சின்ன ராக்கெட்டால் எதுவும் தெரியாது. நூறு உதிரிபாகத்துக்குக் குறையாமல் கட்டி ஏவுங்கள், சுற்றுப்பாதையில் எஞ்சினை அணைத்துப் பாதை நகர்கிறதா பாருங்கள், சேவ் செய்து வெளியே போய்த் திரும்பத் திறந்து எல்லாப் பாகமும் ஒட்டியிருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் கேமை மூடிவிட்டு முடிவெடுங்கள்.