சர்ஃபிங் செய்பவருக்கு வரும் இடுப்பு வலி: மலையிலிருந்து அறுகம்பை போய் வருகிறேன், ஆலோசனை தேவை

ஊவாச்சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பண்டாரவளைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், வயது இருபத்தேழு. வாரம் முழுவதும் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் அமர்ந்தே வேலை செய்கிறேன். மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் அலை நன்றாக எழும் காலத்தில், லீவு கிடைக்கும் வார இறுதிகளில் வெல்லவாய, மொனராகலை வழியாக பஸ்ஸில் இறங்கிப் போய் சர்ஃபிங் செய்துவிட்டு ஞாயிறு இரவே வீடு திரும்பிவிடுவேன்.

இந்தப் பருவத்தில், பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவி முன்னேறும்போது, பெல்ட் கட்டும் இடத்தில், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. அலையின் மேல் எழுந்து நிற்கும்போது வலி அவ்வளவாகத் தெரிவதில்லை. கடைசியாகப் போனபோது, மாலையில் கரையேறி மணலில் கிடந்த பலகையைக் குனிந்து எடுத்த பிறகு நிமிரவே முடியவில்லை. இப்போது நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஆனால் பின்பக்கமாக வளைந்தால் வலிக்கிறது, காலையில் எழும்போது இடுப்பு விறைத்துக் கிடக்கிறது. காலில் வலியோ மரத்துப்போவதோ இல்லை.

வீட்டில் பெரியவர்கள் பலகைக் கட்டிலில் இரண்டு வாரம் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். பார்மசியில் வலி மாத்திரையும் இடுப்புப் பட்டியும் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எவ்வளவு நாள் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டும், வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சி ஏதும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். என் சித்தப்பாவின் மகனும், அவனுக்குப் பதினேழு வயது, அடுத்த முறை முதன்முதலாகப் பலகையில் ஏற வருகிறேன் என்கிறான். அவன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

பதுளைப் பிசியோ எழுதியது:

தம்பி, முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அல்லது மலம் போவதில் மாற்றம், தொடைகளின் உட்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போதல், காலில் பலம் குறைந்து பாதம் இழுபடுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலுடன் வரும் முதுகு வலி, உயரத்திலிருந்து விழுந்த பிறகு வரும் வலி, படுத்தாலும் குறையாமல் இரவு முழுவதும் நீடிக்கும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லாததால், இது பெரும்பாலும் அதிகப் பளுவால் வந்த சாதாரண இடுப்பு வலி என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சர்ஃபிங் செய்பவர் கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி துழாவுவதிலேயே போகிறது. அலையின் மேல் நின்று ஓடுவது மொத்த நேரத்தில் மிகச் சிறிய பங்குதான். அந்தப் பாதி நேரமும் நெஞ்சை உயர்த்தி, முதுகைப் பின்னால் வளைத்தபடியே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த வளைவை மேல்முதுகின் பன்னிரண்டு முள்ளெலும்புகளும் இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கிழமையில் ஐந்து நாள் கணினிக்கு முன்னால் கூனி அமர்ந்திருப்பவருக்கு மேல்முதுகு இறுகிப்போய்விடுகிறது. தொடையின் முன்பக்கத்திலிருந்து இடுப்பெலும்புக்குள் போகும் தசைகளும் சுருங்கிவிடுகின்றன. அதனால் முழு வளைவும் கீழே உள்ள ஐந்து எலும்புகளின் மீதே விழுகிறது. வெறும் உட்கார்ந்த உடம்போடு பல மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு நாளில் ஒரு மாதத்துக்கான வேலையை அந்த இடத்துக்குக் கொடுத்தால் அது இறுகிப் பிடிப்பதில் வியப்பில்லை. உங்கள் வலி எழுந்து நிற்கும்போது இல்லாமல் துழாவும்போது மட்டும் வருவதும், பின்னால் வளைந்தால் கூடுவதும் இதையே காட்டுகின்றன.

அசையாமல் படுத்திருக்கும் ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாள் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம். அதற்கு மேல் படுக்கையில் கிடந்தால் தசைகள் தளர்ந்து, குணமாகும் காலம் நீளும். பெரும்பாலானவர்களுக்கு இத்தகைய வலி ஆறு வாரத்துக்குள் நன்கு தணிந்துவிடும். இடைக்காலத்தில் வலி பொறுக்கும் அளவுக்கு நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் இருப்பதே மருந்து. மலைநாட்டில் நடப்பதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: செங்குத்தான இறக்கத்தில் இறங்கும்போது உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து இடுப்பின் வளைவு கூடும். ஆகவே ஆரம்பத்தில் படிக்கட்டுகளையும் குறுக்குப் பாதைகளையும் தவிர்த்து, சமமாகப் போகும் கரத்தை (வண்டி) ரோட்டில் காலையும் மாலையும் இருபது நிமிடம் நடங்கள்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. வலியே இல்லாத பலரின் ஸ்கேனில்கூட, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் தேய்மானமும் பிதுக்கமும் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அசைவதை நிறுத்தியவர்களை நான் நிறையவே சந்திக்கிறேன். இடுப்புப் பட்டியையும் கழற்றி வைத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்காக வெளியிட்ட வழிகாட்டலில், பட்டிகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்திருக்கிறது. மாத்திரையைப் பொறுத்தவரை, வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இல்லாதவரும் சாப்பிட்ட பிறகு, சில நாளுக்கு மட்டும் எடுக்கலாம். மாத்திரையால் வலியை மறைத்துக்கொண்டு கடலில் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். கம்பளியை இறுக்கமாகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். முழங்கால்கள் மடிந்திருக்க, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி மெதுவாக மூச்சு விடுங்கள். இறுகிய மேல்முதுகு திறப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. அடுத்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, பிட்டத் தசையை இறுக்கியபடி இடுப்பைச் சற்றே முன்னே தள்ளுங்கள். ஊன்றிய காலின் தொடை முன்பக்கம் இழுபடுவது தெரியும். பலத்துக்கு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் வகுத்த பயிற்சிகளில் இரண்டைச் சொல்வேன். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டிப் பத்து விநாடி அசையாமல் நிற்பது ஒன்று. பக்கவாட்டில் படுத்து, முழங்கையிலும் முழங்காலிலும் உடம்பைத் தாங்கி இடுப்பை உயர்த்துவது மற்றது. இரண்டையும் பக்கம் மாற்றி, ஐந்தாறு முறை, நாள் தவறாமல் செய்யுங்கள்.

---

பொத்துவில் கரை எழுதியது:

தம்பி, நான் அறுகம்பையில், உல்லைக் கரையில் சர்ஃபிங் பழக்குபவன். மேலே சொன்னதற்குப் பிறகு வைத்திய விஷயத்தில் நான் பேச வேண்டியதில்லை. கடலில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நாரி (இடுப்பு) வலியோடு என்னிடம் வருபவர்களில் பலர், தங்கள் உடம்புக்குப் போதாத சிறிய பலகையில் படுத்திருக்கிறார்கள். மிதப்பு குறைந்த பலகை நெஞ்சளவு தண்ணீருக்குள் அமிழும். முகத்தை வெளியே வைக்க வேண்டி அவர்கள் கூடுதலாக வளைகிறார்கள். நீளமும் தடிப்பும் கொஞ்சம் கூடிய பலகையை வாடகைக்கு எடுத்தால் அந்த வளைவு குறையும், ஒரே தூரத்துக்குக் கை போடும் எண்ணிக்கையும் குறையும். படுக்கும் இடமும் முக்கியம். பின்னால் தள்ளிப் படுத்தால் பலகையின் மூக்கு மேலே தூக்கி, நீங்கள் மேட்டில் ஏறுவதுபோல் துழாவ வேண்டியிருக்கும். மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்கும்படி முன்னே நகர்ந்து படுங்கள். தாடையைத் தூக்காமல், நெஞ்செலும்பை முன்னே கொண்டுபோவதாக நினைத்து உயருங்கள். கால்களைச் சேர்த்து வைத்து, பிட்டத் தசையை இலேசாக இறுக்குங்கள். அலைக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் எழுந்து பலகையில் உட்கார்ந்துவிடுங்கள். படுத்தபடி காத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று, நம் கரையின் அமைப்பே உங்களுக்கு உதவும். மெயின் பொயின்ட்டிலும் விஸ்கி பொயின்ட்டிலும் அலை வலப்பக்கமாகக் கரையை ஒட்டி நீளமாக ஓடுகிறது. அலையின் முடிவில் இறங்கியதும் மறுபடி கடலுக்குள்ளேயே துழாவித் திரும்பாமல், கரையேறி நடந்து முனைக்குப் போய் இறங்குங்கள். நடக்கும் அந்தச் சில நிமிடம் நாரிக்குக் கிடைக்கும் ஓய்வு. பலகையை மணலிலிருந்து எடுக்கும்போது, முழங்காலை மடித்து உட்கார்ந்து, உடம்போடு அணைத்து எழும்புங்கள். களைத்துக் கரையேறிய பிறகு குனிந்து இழுப்பதில்தான் பலருக்குப் பிடிக்கிறது.

உங்கள் சித்தப்பா மகனைப் பற்றி எழுதுவதைத் தயவுசெய்து வீட்டிலும் வாசித்துக் காட்டுங்கள். முதன்முறையாகப் பலகையில் ஏறுபவர்களுக்கு, அடிபடாமலேயே, முள்ளந்தண்டு வடத்துக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால்கள் செயலிழக்கும் ஒரு நிலை அரிதாக வருவதுண்டு. ஹவாய் வைத்தியர்கள் இதை 2004இல் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் அநேகர் இளவயதினர், நல்ல ஆரோக்கியம் உடையவர்கள், அன்றுதான் முதல் பாடம் எடுத்தவர்கள். நீண்ட நேரம் முதுகை வளைத்துப் படுத்திருப்பதே காரணமாகக் கருதப்படுகிறது. திடீரென்று முதுகில் வலி வரும். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலம் போன்ற நேரத்துக்குள் கால் மரத்து, பலம் இழந்து, சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். சிலர் முழுமையாகக் குணமாகிறார்கள், சிலருக்கு நிரந்தரமாகிவிடுகிறது. எனவே புதியவர் ஒருவர் "முதுகு வலிக்கிறது" என்று சொன்ன கணமே அன்றைய பாடம் முடிந்தது. "இன்னும் ஒரு அலை" என்று யாரும் சொல்லக் கூடாது. கால் கனக்கிறது என்றால் அவரை நிற்க வைக்காமல் படுக்க வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். நான் பழக்கும் பிள்ளைகளை பேபி பொயின்ட்டில், இடுப்பளவுத் தண்ணீரில் பலகையைத் தள்ளிவிட்டு, படுத்திருக்கும் நேரத்தை வேண்டுமென்றே சுருக்கித்தான் ஆரம்பிக்கிறேன்.

---

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

தம்பிக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர்; கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் முன்னால் சாய்ந்தே நின்ற உடம்பு அது. அவருக்கு இடுப்பு வலி வந்தபோது, குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் பயிற்சியை, நாம் புஜங்காசனம் என்று சொல்வதைப் போன்றதை, கிளினிக்கில் கற்றுக்கொடுத்தார்கள். அவருக்கு அது மிகவும் சுகம் தந்தது. அதன் பிறகு எங்கள் லயக் குடியிருப்பில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் அதையே செய்யச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். முன்னால் குனிந்து குனிந்து வந்த வலியும் பின்னால் வளைந்து வளைந்து வந்த வலியும் ஒன்றல்ல. கடலில் மணிக்கணக்கில் புஜங்காசனம் செய்து வலியை வாங்கிவந்தவர் வீட்டிலும் அதையே செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். பதுளைப் பிசியோ சரி பார்க்க வேண்டும்.

காலை விறைப்புக்கு, எழுந்ததும் முகம் கழுவக் குனிவதைத் தள்ளிப் போடுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி நிற்பதால், எழுந்த முதல் மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். எங்கள் ஊர்க் குளிரில் விடியற்காலையில் எழுந்தவுடனே பயிற்சி செய்வதும் கடினம். சுடுநீர்ப் பையை ஒரு துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, கொஞ்சம் நடந்த பிறகு ஆரம்பித்தால் உடம்பு இணங்கும். விறகு சுமப்பது, தண்ணீர் வாளி தூக்குவது போன்ற வீட்டு வேலைகளைச் சில நாள் மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு கையில் பெரிய வாளியைவிட இரு கையிலும் சிறிய வாளிகள் நல்லது.

---

ஊவாச்சாரல் எழுதியது:

அண்ணன்மாருக்கும் டீச்சருக்கும் மிக்க நன்றி. பட்டியைக் கழற்றிவிட்டேன், பலகைக் கட்டில் யோசனையையும் விட்டுவிட்டேன். பயிற்சியின்போது இலேசான வலி இருந்தால் தொடரலாமா? கடலுக்குத் திரும்பும் நாளை எதை வைத்துத் தீர்மானிப்பது? இங்கே துழாவிப் பழகக் கடலும் இல்லை, குளமும் இல்லை.

---

பதுளைப் பிசியோ எழுதியது:

டீச்சர் சொன்னது முற்றிலும் சரி. பின்னால் வளைந்தால் வலிக்கும் காலம் வரை புஜங்காசனம் வேண்டாம்; பிறகு செய்தாலும் அந்த வளைவு மேல்முதுகிலிருந்து வர வேண்டும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருப்பதில் தவறில்லை. மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். கடல் இல்லாத குறைக்கு, பழைய சைக்கிள் டியூப் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, வாங்கில் (பெஞ்சில்) நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய கம்பளியை வைத்துக் குப்புறப் படுத்து, துழாவுவதுபோல் டியூப்பை இழுத்துப் பழகுங்கள். முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, மூன்று என்று வாரந்தோறும் கூட்டுங்கள். வலியின்றிப் பின்னால் வளைய முடிந்து, இடையிடையே ஓய்வெடுத்துப் பத்து நிமிடம் இழுத்தும் மறுநாள் காலை இடுப்பு இலகுவாக இருந்தால் கடலில் இறங்கலாம். முதல் முறை சின்ன அலை உள்ள நாளாகப் பார்த்து, முக்கால் மணி நேரத்தில் கரையேறுங்கள். அன்றே இரண்டாவது முறை இறங்காதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே தண்ணீருக்குப் போகாமல், மணலில் பத்து நிமிடம் வேகமாக நடந்து, தோளையும் மேல்முதுகையும் சுழற்றிவிட்டுப் போங்கள்.

பொத்துவில் அண்ணன் சொன்னதோடு, உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வயதில் பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் வலித்து, வாரக்கணக்கில் நீடித்தால், முள்ளெலும்பின் பின்பகுதியில் நுண்ணிய முறிவு இருக்கக்கூடும். வேகப்பந்து வீசும் பாடசாலைப் பையன்களிடம் இதை நாங்கள் தேடிப் பார்ப்பதுண்டு. அப்போது மட்டும் படம் எடுப்பது அவசியம், விளையாட்டையும் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கு ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்குத் துண்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை. வரும்போது எடுத்த மாத்திரைகளின் பெயரையும், எந்த அசைவில் வலிக்கிறது என்று நாள்வாரியாக எழுதிய குறிப்பையும் கையோடு கொண்டு வந்தால் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கலாம்.